விழாப் பொறுப்பு

"நம்ம ஆபீஸ்ல ஒருத்தரை வேலையிலருந்து நிறுத்துறோம். பிரிவுபசார விழா அவங்க மனசுல நிக்கணும். பொறுப்பு உங்களோடது," என்றார் மேலாளர்.

"யாரு சார்?"

"அன்னிக்கே தெரியட்டும். இப்ப சொன்னா பாவம், மனசு உடைஞ்சுடும்."

திட்ட ஒருங்கிணைப்பாளரான அவள் அன்றே வேலைகளைப் பிரித்துக் கொடுத்தாள். கேக் ஒருவருக்கு, அலங்காரம் ஒருவருக்கு, பாராட்டுரை கணக்காளருக்கு. தினமும் காலையில் விசாரித்தாள், சுணங்கியவர்களை முடுக்கிவிட்டாள். யாருக்கு விழா என்று ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை. இப்படி வாய் திறக்காமல் வேலை செய்யும் குழு யாருக்குக் கிடைக்கும் என்று பூரித்துப்போனாள்.

விழா நாளில் அரங்கம் ஜொலித்தது.

"எல்லாம் ரெடி சார். அவங்களைக் கூப்பிடலாமா?"

"பிரமாதம்மா! இவ்வளவு கச்சிதமா வேற யாராலயும் பண்ண முடியாது. அதான் உங்ககிட்டயே கொடுத்தோம்," என்ற மேலாளர், பூங்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நான் கொடுக்கணுமா சார்?"

"இல்லம்மா. நீங்க வச்சுக்கணும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் சொல்லிக்கொடுத்திருந்தபடியே, குழு மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.