கருணாகரன் வீட்டு வைஃபை

"நம்ம வைஃபைய எவனோ உறிஞ்சிக்கினு கீறான்டா தீபா!"

கருணாகரன் போட்ட சத்தத்தில் காசிமேட்டில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது. விசைப்படகு ஓட்டுபவர். இன்ஜினை மீறிக் கத்திப் பழகிய தொண்டை, மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் கிடந்தாலும் இறங்குமா?

மகள் நர்மதாவுக்குக் கோவையில் மாநிலப் பளுதூக்கும் போட்டி. நாலு மணிக்கு நேரலை. அவள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, அவளுக்குச் சொல்லாமலே டி.வி.யில் செருகும் ஸ்டிக் ஒன்றை வாங்கி வந்து தெருவையே அழைத்துவிட்டார். மணி மூன்றரை. வாசல் வரைக்கும் கூட்டம். டி.வி.யில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கேபிள் கடை தீபன் ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

"மாமா, லிஸ்ட்ல உங்க வைஃபையவே காணோம். ஜானட்னு ஒண்ணுதான் ஃபுல்லா கீது."

"பாத்தியா! நம்ம டி.வி.ல பக்கத்து வூட்டுப் பேரு இன்னாத்துக்கு வருது? நம்ம வலை மேல வலையப் போட்டு வாரிக்கினு போறாங்க!"

"அப்டிலாம் வார முடியாது மாமா."

"என் பொண்ணு இதே ரூம்ல குந்திக்கினு மூணு மாசமா போன்ல டிரெய்னிங் வீடியோ பாத்துச்சு. அப்ப மட்டும் எப்டி வந்துச்சு?"

மனைவி புஷ்பவல்லி தடுப்பதற்குள் கருணாகரன் பக்கத்து வீட்டு வாசலில் நின்றார்.

"ஜானட்டு! அடுத்தவன் வூட்டு வைஃபைய திருடறியே, உனக்கே நல்லாகீதா?"

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த ஜானட் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

"என்னுத வேணா அணைச்சிடறேன்ணா. வருதா பாருங்க. நர்மதா தூக்கறத எல்லாரும் பாக்கணும்."

அணைத்தாள். லிஸ்ட்டில் இருந்த அந்த ஒரு பெயரும் போனது.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைத் தீபன் அப்போதுதான் கேட்டான்.

"மாமா, உங்க ரூட்டர் எங்க கீது?"

கருணாகரன் பெருமையாகக் கட்டிலுக்கு அடியில் காட்டினார். சுவரிலிருந்து வந்த ஒயர் ஓர் இரும்புப் பெட்டிக்குள் போயிருந்தது. பூட்டு வேறு. திறந்தால் பழைய லுங்கி, அதற்குள் இரண்டு பாலிதீன் பை, அதற்குள் ரூட்டர் சமர்த்தாகப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"உப்புக்காத்துடா! படகு வயர்லெஸ்ஸ கழட்டினா இதுலதான் வப்பேன். இருவது வருஷமா துளி துரு கெடயாது. நர்மதா ஒருவாட்டி இத வெளிய எடுத்து எங்கிட்ட செம திட்டு வாங்கிச்சு."

"இரும்புப் பொட்டில பூட்டி வச்சா சிக்னல் எப்டி மாமா வெளிய வரும்?"

"அப்போ போன்ல மட்டும் எப்டி வந்துச்சு?"

தீபன் பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, ரூட்டரை ஜன்னலில் வைத்தான். படம் வந்துவிட்டது.

நர்மதா மேடையேறினாள். மூச்சை இழுத்தாள். தூக்கினாள். தங்கம்! தெரு அலறியது. கருணாகரன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலுக்கு வெளியே நின்று ஜானட்டும் கைதட்டினாள். உள்ளே வா என்று அவளை யாரும் கூப்பிடவில்லை.

டி.வி.யில் ஒருவர் மைக்கை நீட்டினார். "யாருக்கு நன்றி சொல்றீங்க?"

"எங்க பக்கத்து வூட்டு ஜானட் அத்தைக்கு. எங்க வைஃபைய அப்பா பொட்டில வச்சுப் பூட்டிட்டாரு. மூணு மாசமா அத்தை வூட்டு வைஃபைலதான் டிரெய்னிங் வீடியோ எல்லாம் பாத்தேன்."

சொல்லிவிட்டு நர்மதா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சார், இத மட்டும் எங்கப்பாகிட்ட சொல்லிடாதீங்க. ஆசையா வாங்கிக் குடுத்தது, மனசு கஷ்டப்படுவாரு. என்ன ஆனாலும் சொல்ல மாட்டேன்னு அத்தைகூட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காங்க."