உண்ணிச்செடி கேட்ட முட்டை

வேறெதையும் வளரவிடாமல் கொல்லைத் தோப்பை அடைத்துக் கிடந்த உண்ணிச்செடிகளை வீட்டுக்காரி சௌந்தரி வேரோடு நெம்பிக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசிப் புதருக்குள் சின்னான் குருவி ஒன்று முட்டைகள்மேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தவள், கடப்பாரையைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய், சுற்றிலும் நம்மூர் முள்செடியான காரையின் கன்றுகளை நட்டாள்.

"பார்த்தியா, என்மேல கை வைக்கப் பயம்!" என்றது உண்ணி.

"உனக்குப் பயந்து இல்லண்ணே, என் முட்டையைப் பார்த்துத்தான். என்ன மனசு அவளுக்கு!" என்றது குருவி.

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட அவள் குடத்தை மெல்லத்தான் சாய்த்தாள்.

குஞ்சுகள் பறந்துபோன காலையில் கடப்பாரையோடு வந்தாள்.

"தாயி, இன்னும் ஒரே ஒரு முட்டை போடேன்!" என்று உண்ணி கெஞ்சியது.

"போடத்தான் போறேண்ணே," என்றது குருவி, காரைக்கன்றின் நுனியில் ஆடிக்கொண்டே. "இவன் கொஞ்சம் கிளை விடட்டும்."