பக்கத்துக் கட்டில்

"நடந்து காட்டுங்க ஆர்டிஸ். கதவு வரைக்கும் போயிட்டு வந்தா போதும்."

ஆர்டிஸ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைத்தாள். முகத்தைச் சுளித்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலம்மா. உயிர் போகுது."

நர்ஸ் மார்சி அசரவில்லை. "காலையில துணிக்கூடையைத் தூக்கிக்கிட்டு வராந்தாவுல விடுவிடுன்னு போனது யாரு? வாக்கர் இங்கதான் நின்னுட்டிருந்தது."

ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே, பனியை வாரித் தள்ளும் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில், நார்த் டகோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் இருந்தது அந்த ஒரே முதியோர் இல்லம்தான். கீழ்த்தளத்தில், வேளைக்குச் சாப்பாடும் கொஞ்சம் ஒத்தாசையும் இருந்தால் போதும் என்பவர்கள். மேல்தளத்தில், படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள். நடுத்தளத்தில் இரண்டிலும் சேராதவர்கள். நடமாடுவார்கள், ஆனால் நர்ஸ் தினமும் பார்த்தாக வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதும் ஆர்டிஸை அங்கேதான் கொண்டுவந்தார்கள். தேறிவிட்டால் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். நடுத்தளத்துக்குக் காத்திருப்பவர்கள் அதிகம்.

பக்கத்துக் கட்டிலில் லவான் கண் விழித்தாள். சர்க்கரை நோயும் மறதியும் அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தன.

"யாரும்மா நீ?" என்றாள் ஆர்டிஸைப் பார்த்து. தினமும் கேட்பதுதான்.

"ஆர்டிஸ். இந்த ரூம்லதான் இருக்கேன்."

"நல்ல மனுஷியாத் தெரியுறே. எனக்கும் ஒரு அக்கா இருக்கா, பேரு வாயில வரமாட்டேங்குது. சரியான பிடிவாதக்காரி. அவ சமையலை நாய்கூட மோந்து பாக்காது."

"அப்படியா? பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க."

"கஷ்டமா? அவ முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு இருக்கேன்" என்றபடி லவான் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து, காபி குடிக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள்.

மார்சி கதவைச் சாத்தினாள். "தினமும் இந்தப் புராணத்தைக் கேட்டுக்கிட்டு எதுக்கு இங்க? வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

ஆர்டிஸ் எழுந்தாள், வாக்கர் இல்லாமல். ஜன்னலுக்குப் போனாள், கதவுக்கு வந்தாள், மறுபடி ஜன்னலுக்கே போனாள். நொண்டல் போன இடம் தெரியவில்லை.

"நான் போகமாட்டேன்."

"வீட்ல யாராவது தொல்லை கொடுக்கறாங்களா?"

"வீட்ல இருக்கறது ஒரு பூனை. அதையும் பக்கத்து வீட்டுக்காரி நல்லாத்தான் பாத்துக்கறா."

"பின்ன என்ன?"

ஆர்டிஸ் திரைச்சீலையின் ஓரத்தை விரலால் முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள்.

"அவ திட்டறாளே ஒரு அக்கா... அது நான்தான்."

மார்சி அப்படியே லவானின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மாவை இந்த மாதிரி ஒரு இல்லத்துல சேக்கலாம்னு நான் சொன்னேன். கூடவே கூடாதுன்னு லவான் சொன்னா. அதோட பேச்சு நின்னுபோச்சு. அம்மா செத்ததுக்குக்கூட ஆளுக்கொரு மூலையில நின்னோம். அப்புறம் அவ எந்த ஊர்ல இருக்கான்னுகூட நான் விசாரிக்கல. இங்க என்னைத் தள்ளிட்டு வந்து இந்தக் கட்டில்ல போட்டாங்க. திரும்பிப் பாத்தா அவ. எழுந்து ஓடவும் முடியாது. என்னையே உத்துப் பாத்தா. அப்புறம் 'யாரும்மா நீ'ன்னா. அப்பதான் எனக்கு மூச்சே வந்தது."

"கீழ ஒரு ரூம் காலியா இருக்கு. அங்க இருந்துக்கிட்டு தினமும் வந்து பாத்துட்டுப் போங்களேன்."

"தேடி வந்தா, இவ எதுக்கு என்னைத் தேடி வர்றான்னு யோசிப்பா. பக்கத்துக் கட்டில்காரியை யாரும் அப்படி யோசிக்கறதில்ல. யோசிச்சு யோசிச்சு ஞாபகம் வந்துட்டா போச்சு, மார்சி. பழையபடி மூஞ்சியைத் திருப்பிக்குவா."

மார்சி எழுந்தாள். ஆறிப்போன இடுப்பை ஆறவில்லை என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது? சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள்.

லவான் ஓரத்து மேசையில் இருந்தாள். காபி ஆறிக்கிடந்தது. ரொட்டியைத் தின்னாமல் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள்.

"ரூம்ல அவ்வளவு நேரம் என்ன பேச்சு?"

"விரலைக் காட்டுங்க" என்றாள் மார்சி. "ஆர்டிஸுக்கு இடுப்பு சரியாயிடுச்சு. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க."

லவான் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க அக்காவை அனுப்பிடாதே, மார்சி. அவ யாருன்னு எனக்குத் தெரியுங்கறதையும் அவகிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சுட்டா, அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாதே."