முட்ட முட்டத் தண்ணி

"நாளைக்கு ரோட்டுல மரத்த வெட்டிப் போடப் போறாங்களாமே! இவங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கெடையாதா?"

ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து காசிநாதன் கத்தினான். பக்கத்தில் அவன் மனைவி பச்சையம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். காய்ச்சல் வேறு.

எதிர் பெஞ்சு நாராயணசாமி சும்மா இருப்பாரா? ரிஷிவந்தியத்துக்காரர். இட ஒதுக்கீடு கேட்டு நடக்கப்போகும் மறியலுக்கு ஆள் திரட்டுகிறவரே அவர்தான்.

"எங்க புள்ளைங்களுக்கும் காலேஜ்ல எடம் வேணுமில்ல? எத்தினி வருசமா வாயால கேட்டுக்கினு இருக்கோம். எவன் காதுல வாங்கனான்?"

"அதுக்கு நோயாளி போற வழிய மறிப்பீங்களா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா!"

உள்ளேயிருந்து கண்ணகி வந்தாள். டோக்கன் கூப்பிடுவது, தண்ணீர் குடிக்க வைப்பது, அதட்டுவது எல்லாம் அவள்தான். கள்ளக்குறிச்சிக்கே இந்த மெஷின் புதுசு. கிட்னி ஸ்கேன் என்றால் முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முடியாமல் போய்விட்டு வந்தால், கடைசி ஆள் ஆகிவிட வேண்டியதுதான்.

காசிநாதன் அவளிடம் போய்க் குரலைத் தணித்தான்.

"எம்மா, நாளைக்கு மறியலாம், இன்னிக்குப் பாண்டிக்கு நாலு மணி பஸ்தான் கடைசியாம். இப்பவே மூணரை ஆவுது. ஸ்கேன் பாத்த கையோட இவள அங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும். இத வுட்டா எப்ப பஸ் ஓடுமோ தெரியல. பயமா இருக்கும்மா."

"உங்களுக்கு முன்னாடி அந்தப் பெரியவர் ஒருத்தர்தான். கேட்டுப் பாருங்க, வுட்டுக் குடுப்பாரு."

"அந்தாளுகிட்டயா? அவரா கூப்ட்டுக் குடுத்தாலும் எனக்கு வேணாம்!"

நாராயணசாமி காதில் விழுந்திருக்கும். எழுந்து கொல்லைப்பக்கம் கக்கூசுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அவர் முறை வந்தது.

"நாராயணசாமி, உள்ள வாங்க."

"அது வந்து... அடக்க முடியலம்மா. போயிட்டு வந்துட்டேன்."

கண்ணகிக்கு வந்ததே கோபம். "இன்னா பெரியவரே, சின்னப் புள்ளையா நீங்க? படிச்சுப் படிச்சு சொன்னேனே! போங்க, டாக்டர் கடைசியாத்தான் பாப்பாரு."

பெஞ்சு மொத்தமும் சிரித்தது.

"ரோட்ட மறிக்கத் தெரியுது, இத மறிக்கத் தெரியல!" என்றான் காசிநாதன். நாராயணசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த ஆள் பச்சையம்மாள். ஒரு பக்கக் கிட்னி வீங்கிப்போயிருந்தது. கல் அடைத்திருக்கிறது, உடனே கிளம்புங்கள் என்றார் டாக்டர். மனைவியை அணைத்துப் பிடித்தபடி பஸ் ஸ்டாண்டுக்கு விரைந்தான் காசிநாதன். நாலு மணி பஸ் கிடைத்துவிட்டது.

மற்றவர்கள் எல்லாரும் போகும்வரை நாராயணசாமி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணகி சொம்பில் தண்ணீர் நீட்டினாள். வேண்டவே வேண்டாம் என்று தலையாட்டினார்.

கடைசியில் டாக்டர் அவர் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"பெரியவரே, ஒன்னுக்குப் போயிட்டுதானே வந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்புறம் தண்ணி குடிச்சீங்களா?"

"தொடவே இல்லீங்க."

"போனதுக்கு அப்புறமும் மூத்திரப் பை நெறைய அப்படியே நிக்குதே! பெரிய அடைப்பா இருக்கும் போலிருக்கு. உடனே டியூப் போடணும். ஆபரேஷன்கூட வேண்டியிருக்கும்."

நாராயணசாமி அலறிவிட்டார். "அய்யோ சாமி! ஆபரேஷன்லாம் வேணாங்க. நான் போவவே இல்லீங்க!"

டாக்டர் சிரித்துவிட்டார். கண்ணகிக்குச் சிரிப்பு வரவில்லை.

"பின்ன எதுக்குப் பொய் சொன்னீங்க? அத்தினி பேரும் சிரிச்சாங்களே!"

"நான் குடுத்தா அவரு வாங்க மாட்டாரும்மா. அந்தப் புள்ள பஸ்ஸப் புடிக்கணுமில்ல?"

"வழிய மறிக்கப் போறவரே நீங்கதானே?"

டாக்டர் போகலாம் என்று கை காட்ட, வேட்டியைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடியவர், வாசற்படியில் திரும்பிச் சொன்னார்.

"மறியல் நாளைக்குத்தானேம்மா!"