அழித்த வரி

கணவர் ஞானராஜ் காலமான பிறகும், கணினியில் டெலீட் விசையைத் தொட்டால் லூர்துமேரிக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த விசை, தந்தி ஆபீஸ்களில் செய்தி அச்சடித்த டெலிபிரிண்டர் மெஷின் காலத்தது. ஒவ்வொரு எழுத்தும் காகித நாடாவில் ஓட்டைகளாக விழும்; விழுந்த ஓட்டையை மூட முடியாது. தப்பான எழுத்தின்மேல் எல்லா ஓட்டைகளையும் போட்டுவிட்டால், மறுமுனை மெஷின் சத்தம் மட்டும் போட்டுவிட்டு அச்சடிக்காமல் தாண்டிவிடும்.

கல்யாணத்துக்கு முன் ஒருநாள், மதுரை தந்தி ஆபீஸிலிருந்து ஞானராஜ் நாடாவை ஓட்டினார். திருச்சி ஆபீஸில் அவள் மெஷின் வெகுநேரம் கடகடத்தும் ஒரு எழுத்துகூட விழவில்லை.

“என்ன சார், இவ்வளவு நீளமா அழிச்சிருக்கீங்க?” என்று மெஷினில் அடித்துக் கேட்டாள்.

“தப்பா அடிச்சிட்டேன் மேடம்.”

“சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வர்றாங்க. திரும்ப அடிங்க.”

மெஷின் மறுபடி கடகடத்தது. இம்முறையும் வெறும் காகிதம்தான்.

லூர்துமேரி அடித்தாள்: “எனக்குச் சம்மதம். எங்க அப்பாகிட்டயாவது அழிக்காம சொல்லுங்க.”