வாளியில் வெந்நீர்

நான்கு நாட்களாக ஞானசுந்தரி குளிக்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்த பயம் என்றான் மகன் பிரபு. அவளைப் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பெண்களையும் அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். இன்றும் குளிக்காவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று அவன் சொல்லியிருந்தான்.

மூன்றாவதாக வந்த ரெஜினா வாளியில் வெந்நீர் நிரப்பினாள்.

"நான் குளிப்பாட்டட்டுமா, நீங்களே குளிக்கிறீங்களாம்மா?"

"நீயாவது கேட்டியே. முன்னாடி வந்தவளுங்க மாட்டக் கழுவுற மாதிரி வந்தாளுங்க. நானே குளிப்பேன்."

"அப்புறம் ஏன்மா இத்தன நாளா?"

ஞானசுந்தரி குளியலறைக் கதவின் உட்பக்கத்தைத் தடவினாள். திருகாணி எடுத்த துளைகள் விரலில் பட்டன. கூடத்தில் இருந்த பிரபுவுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் விழுந்த அன்னிக்கே தாழ்ப்பாளக் கழட்டிட்டான்மா, என் புள்ள."