ஓட்டிப் பார்க்கப் போனவள்

"இதுல ரெண்டு கிலோமீட்டர் போக எத்தனை நிமிஷம் ஆகும்ணே?"

சைக்கிள் வாங்க வருகிறவர்கள் நிறத்தைக் கேட்பார்கள், விலையைக் கேட்பார்கள், கேரியர் உண்டா என்பார்கள். இப்படி ஒரு கேள்வி எங்கள் கடையில் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

அடுத்த தெரு தையல் கம்பெனிப் பெண். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடி வந்திருக்கிறாள். கழுத்திலிருந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை. சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். மேசையில் வைத்துவிட்டு நிதானமாகப் பார் என்றேன். வைக்கவில்லை.

என் கணவர் வழக்கம்போல இருபத்தொரு கியர் சைக்கிளில் ஆரம்பித்தார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டப்போகிறாளாம். மேடு பள்ளமில்லாத பாதை. கையைக் கடிக்காத விலையில், ரிப்பேர் என்று வந்து நிற்காத வண்டியாக இருந்தால் போதுமாம்.

அவர் உடனே கட்சி மாறினார். கியர் இல்லாவிட்டால் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கறுப்பு சைக்கிளை வெளியே உருட்டினார். தாழ்ந்த குறுக்குக் கம்பி, துணி சிக்காதபடி முழு செயின் கவர், பார்த்தாலே நம்பிக்கை வருகிற தடித்த டயர். அந்த வாரம் வந்த ஒரே புதுச் சரக்கு.

நிமிடக் கணக்கு மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மிதிக்கிற காலைப் பொறுத்தது, நீயே ஓட்டிப் பார்த்துக்கொள் என்றுவிட்டார்.

எனக்குத் திக்கென்றது. போன மாதம் இப்படித்தான் ஒருவன் ஒரே ஒரு ரவுண்டு என்று கிளம்பினான். இன்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். இன்னொரு வண்டி போனால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான் என்று அன்றைக்கே சொல்லியிருந்தேன்.

அதன் பிறகு அவர் ஒரு சட்டம் போட்டார். ஓட்டிப் பார்க்கிறவர்கள் செருப்பைக் கடையில் விட்டுவிட்டுப் போகவேண்டும். வெறுங்காலோடு எவ்வளவு தூரம் ஓடிவிடுவார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

அவள் செருப்பை உதறிவிட்டுப் பையோடு ஏறினாள். தெருமுனை வரை போய்த் திரும்புவாள் என்று பார்த்தோம். திரும்பவில்லை. முனையைத் தாண்டிப் போய்விட்டாள்.

பத்து நிமிடம் ஆயிற்று.

அவள் விட்டுப்போன செருப்பை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒன்றின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. இன்னொன்றில் குதிகால் பக்கம் தரை தெரிந்தது. இதை மீட்கவா ஒருத்தி திரும்பி வருவாள்?

இருபது நிமிடம் ஆனபோது வாயை அடக்க முடியவில்லை. அவளைத் திருடி என்றேன். பையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தபோதே எனக்குச் சந்தேகம் என்றேன். முகத்தைப் பார்த்து மனிதர்களை எடைபோடுகிறவருக்குச் சைக்கிள் கடை எதற்கு என்றும் கேட்டேன்.

தாங்க முடியாமல் அவர் கடையிலேயே விலை உயர்ந்த அந்த இருபத்தொரு கியரை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினார். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்றேன். அது அவருக்கே தெரியாது.

ஆக இரண்டு சைக்கிளையும் ஒரு புருஷனையும் காணோம்.

அரை மணி நேரம் ஆகும்போது மணிச் சத்தம் கேட்டது. கறுப்பு சைக்கிள். மேலே அவள்.

அப்பாடா! நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. ஒரு நிமிடம் அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. அடுத்த நிமிடமே கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, ஓட்டிப் பாருன்னா ஊரையே சுத்திட்டு வருவியா? எங்கதான் போன?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வேர்வை, உள்ளங்கால் சிவந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டே நிமிஷங்க்கா! வீட்டுக்குப் போக எட்டு, திரும்பி வர எட்டு. நடந்தா போகவே அரை மணியாயிடும், போனதும் திரும்பணும். இதையே எடுத்துக்கறேன்."

பணத்தைக் கொடுத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் போகவேண்டும் என்று செருப்பைத் தேடினாள். என் கணவரும் வந்து சேர்ந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. இருபத்தொன்றில் ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டு செயின் கழன்றுவிட்டதாம். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெற்றிக் களையை நான் கண்டுகொள்ளவில்லை.

வேலை நாளில், நட்டநடு வெயிலில், இப்படி வெறுங்காலோடு ஓடிப்போய்ப் பார்க்க வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"பாப்பாவுக்கு நாலு மாசங்க்கா. நான் வேலைக்கு வந்த மூணு நாளா புட்டியத் தொடவே மாட்டேங்கறா, சாயங்காலம் வரைக்கும் அழுதே கெடக்கா. இன்னிக்குத்தான் மத்தியானம் வயிறு நெறைஞ்சு தூங்கினா."

சொல்லிவிட்டுப் பெடலில் கால் வைத்தாள். பை இப்போது ஹேண்டில்பாரில் தொங்கியது; மார்பில் அது மறைத்திருந்த பால் ஈரம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

நான் இங்கே உட்கார்ந்து அவளைத் திருடி, திருடி என்று திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம், அங்கே ஒரு குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.